தட்டா, கம்பியா?



மூன்று மாதங்களுக்கு முன், ஒரு சம்பள நாளன்று, பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மாலை நேரம். கடைக்கு முன்னால் பெரிய குடை ஒன்றை விரித்து, மடக்கு மேசை போட்டு, இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேசை நிறைய வண்ணத் தாள்கள். பகலெல்லாம் உதிர்ந்த பழம் பொறுக்கிவிட்டு, குளித்து உடை மாற்றிக்கொண்டு சாமான் வாங்க வந்த ஓர் அம்மையாரை அவர்கள் கூப்பிட்டார்கள். "அக்கா, இன்னிக்கே கையெழுத்துப் போட்டா தட்டு சும்மா, பெட்டி சும்மா, வந்து மாட்டிக் கொடுக்கிறதும் சும்மா. நாளைக்கு இந்தச் சலுகை இல்லே" என்றார்கள். அம்மையார் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற நாம் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டோம். "மாதம் எவ்வளவு தம்பி? எத்தனை மாதத்துக்கு?" முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. எழுபது வெள்ளி. இரண்டாவது கேள்விக்குச் சற்றுத் தயங்கி, "ரெண்டு வருஷம்" என்றார் ஒருவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 70 வெள்ளி, 24 மாதம். மொத்தம் 1,680 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆக, அந்த மேசைமேல் அம்மையார் வைக்கப்போவது ஒரு கையெழுத்து அல்ல. ஒரு முழு மாத உழைப்பு. கொடுக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தெரிந்து கொடுத்தால் தவறே இல்லை. நாளெல்லாம் வெயிலில் நின்றவர்களுக்கு மாலையில் ஒரு படமும் பாட்டும் வேண்டியதுதான். ஆனால் தட்டு சும்மா, பெட்டி சும்மா என்ற சொற்களில் அந்த 1,680 வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அம்மையார் அடையாள அட்டையைக் கொடுக்கவும் இல்லை, பைக்குள் வைக்கவும் இல்லை. கையில் பிடித்தபடி நின்றார். அவர் அங்கேயே நிற்கட்டும். நாம் சற்றுச் சுற்றிவிட்டு அவரிடம் வருவோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. அந்நாளில் தோட்டத்துக்கு ஒரு பெட்டி இருந்தால் பெரிது. கிராணியார் வீட்டிலோ, மண்டபத்திலோ இருக்கும். சிறுவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்ப்பார்கள். தோட்டத்து மின்சார இயந்திரத்தை இரவில் நிறுத்திவிட்டால் படம் பாதியில் நின்றுவிடும். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று மறுநாள் பெரட்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1978 டிசம்பரில் வண்ணம் வந்தது. 1984இல் மூன்றாவது அலைவரிசையாக டிவி3 வந்தது. இவை எல்லாவற்றுக்கும் கூரைமேல் ஒரு குழாயை நட்டு, அதன் தலையில் அலுமினிய ஏரியலைக் கட்டினால் போதும். மாதக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது.

காசு கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சி 1995இல் வந்தது. மெகா டிவி என்று பெயர். அதை நடத்திய நிறுவனத்தின் பெயரில் கேபிள் என்ற சொல் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குக் கம்பி எதுவும் வரவில்லை. நுண்ணலை வழியாக வானத்திலேதான் படம் வந்தது. 2001இல் அது நின்றுபோயிற்று. அதற்குள் 1996இல் மீசாட் துணைக்கோளம் விண்ணில் ஏறி, ஆஸ்ட்ரோ தொடங்கிவிட்டது. அதற்கு முன் பொதுமக்கள் வீட்டில் தட்டு வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1996க்குப் பின் லயத்துக் கூரைகளில் தட்டுகள் காளான்போல முளைத்தன. வானவில் அலைவரிசையில் நாள் முழுவதும் தமிழைக் கேட்டது நம் மக்களுக்கு அப்போது பெரிய புதுமை.

பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் கதை நேர் எதிர். அது சிறிய தீவு. மக்கள் அடுக்குமாடி வீடுகளில் நெருக்கமாக வாழ்கிறார்கள். அங்கே 1995இல் தொடங்கி வீடு வீடாகக் கம்பி இழுத்தார்கள். வீட்டில் தட்டு வைக்க அனுமதி இல்லை. அந்தப் பழைய கம்பியும் 2019இல் ஓய்வு பெற்று, ஒளியிழை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. காடும் மலையும் தோட்டமுமாகப் பரந்து கிடக்கும் நம் நாட்டில் கம்பி இழுப்பது எளிதான வேலையா? அதனால்தான் இங்கே தட்டு முந்திக்கொண்டது. ஜொகூர் பாருவில் இருக்கும் உறவினர், சிங்கப்பூரில் அப்படி, நம்மிடம் ஏன் இப்படி என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

இன்று நம் வீட்டுக்குப் படம் மூன்று வழியில் வரலாம். வானத்துத் துணைக்கோளத்திலிருந்து தட்டுக்கு வரலாம். சாலையோரக் கம்பத்திலிருந்து கம்பி வழியாக வரலாம். மலைமேல் உள்ள கோபுரத்திலிருந்து பழையபடி ஏரியலுக்கும் வரலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நம் வீடு எங்கே இருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், அந்த வீட்டில் இன்னும் எத்தனை காலம் இருப்போம் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

முதலில் தட்டை எடுத்துக்கொள்வோம். நில நடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், மீசாட் நிற்கிறது. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றுவதால் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலிருந்து அண்ணாந்து பார்த்தால், உச்சி வானத்திலிருந்து சற்று மேற்கே சாய்ந்த இடத்தில் அது இருக்கும். இதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு ஒரு பயன் உண்டு. தோட்டம் இரண்டு குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருந்தாலும் தட்டுக்குக் கவலையில்லை. குன்று பக்கத்தில் நிற்கிறது. துணைக்கோளமோ தலைக்கு மேலே நிற்கிறது. ஆனால் கூரைக்கு மேல் செம்பனை மட்டையோ, பலாமரக் கிளையோ கவிந்திருந்தால் படம் வராது. மாட்டிய நாளில் நன்றாகத் தெரிந்த படம் ஓராண்டு கழித்து அடிக்கடி அறுந்தால், பழுது பார்ப்பவரை அழைப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். மரம் வளர்ந்திருக்கும்.

தட்டுக்கு மழைதான் எதிரி. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழையில் நீர்த்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் கொட்டும். நாம் பெட்டிக்கு முன் உட்காருவதும் அந்த நேரம்தான். மழை விட்டால் படம் தானே திரும்பிவிடும். அது பழுது அல்ல. லேசான தூறலுக்கே படம் உடைந்தால் அதுதான் பழுது. தட்டு அசைந்திருக்கலாம், அல்லது கம்பி முடுக்கும் இடத்தில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருக்கலாம்.

இடி முழங்கும்போது பெட்டியின் மின்சாரக் கம்பியை மட்டும் பிடுங்கினால் போதாது. தட்டிலிருந்து வரும் கம்பியையும் டிகோடரின் பின்னாலிருந்து கழற்றிவிட வேண்டும். அதுவும் உலோகக் கம்பிதான்; மின்னலின் அதிர்ச்சியை வீட்டுக்குள் கொண்டுவரும். ஆனால் தலைக்கு மேல் இடி இடித்துக்கொண்டிருக்கும்போது கழற்றப் போகாதீர்கள். மேகம் திரளும்போதே கழற்றிவிடுங்கள்.

தட்டில் இன்னொரு குறை உண்டு. படம் இறங்கி வருமே தவிர, நம்மிடமிருந்து எதுவும் மேலே போகாது. பிள்ளை பாடம் அனுப்ப முடியாது. ஆசிரியரிடம் பேச முடியாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வித்தியாசம் எல்லா வீட்டுக்கும் தெரிந்துபோயிற்று. கூரையில் தட்டு இருந்த வீட்டுப் பிள்ளைகளும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு லைன் கிடைக்கும் மேட்டைத் தேடி நடந்தார்கள்.

இனி கம்பி. 2010இல் தெலிகோம் மலேசியா யூனிஃபை என்ற பெயரில் ஒளியிழைச் சேவையைத் தொடங்கியது. இன்று வேறு நிறுவனங்களும் தருகின்றன. தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடுகிறது. வீட்டில் ஒரு சிறு பெட்டி வைத்தால் தொலைக்காட்சியும் வரும், இணையமும் வரும். மழையானாலும் படம் உடையாது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதால் அந்த இழை வழியாக மின்னல் வராது. பெட்டிக்கு மின்சாரம் எடுக்கும் பிளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வீட்டில், கம்பி கிடைக்கும் இடமாக இருந்தால், நம் முதல் ஓட்டு கம்பிக்குத்தான். ஒரே கட்டணத்தில் பாட்டிக்குப் படம், பேரனுக்குப் பாடம்.

ஆனால், கம்பி கிடைக்கும் இடமாக இருந்தால் என்று சொன்னோமே, அங்கேதான் சிக்கல். பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளில் கம்பி வாசலில் நிற்கிறது. பெரிய சாலையை விட்டு மண்சாலையில் ஐந்தாறு மைல் உள்ளே போகும் தோட்டங்கள் பலவற்றுக்கு இன்னும் வரவில்லை. விற்க வருபவர் "வந்துவிடும், வந்துவிடும்" என்பார். அவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், சேவை உண்டா இல்லையா என்று வந்துவிடும். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முகவரியில் தோட்டத்தின் பெயரைப் போட்டால் அலுவலகம் இருக்கும் இடத்தைக் காட்டும். உங்கள் லயம் அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி இருக்கலாம். அதையும் கவனிக்க வேண்டும்.

கம்பியும் அறுபடாத பொருள் அல்ல. மட்டை விழும், லாரி இடிக்கும், உள்ளே செம்பு இருக்கிறது என்று நினைத்துத் திருடன் வெட்டிவிட்டு ஏமாந்து போவான். அறுந்தால் ஒட்ட ஆள் வரவேண்டும். பட்டணத்துக்கு வரும் வேகத்தில் தோட்டத்துக்கு வருவார்களா என்பதை, ஏற்கெனவே கம்பி வாங்கிய பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கம்பி இல்லாவிட்டால் என்ன, கைப்பேசியின் இணையத்தைத் தொலைக்காட்சிக்கு விட்டுப் பார்க்கலாமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். பார்க்கலாம். ஆனால் தெளிவான படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி இணையத்தை விழுங்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 6 ஜிபி. மாதத்துக்கு 40 ஜிபி வாங்கி வைத்திருந்தால் ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். மீதி மூன்று வாரம் பிள்ளை பாடத்துக்கு எங்கே போவது?

மூன்றாவது வழியான ஏரியலைப் பலர் செத்துப்போனதாகவே நினைக்கிறார்கள். பழைய ஒளிபரப்பு முறை 2019 அக்டோபர் 31உடன் நாடு முழுவதும் நின்றது உண்மை. அதன் இடத்தில் இலக்கவியல் ஒளிபரப்பு வந்தது. மைஃப்ரீவியூ என்று பெயர். இதற்கு மாதக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் இதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது; வாங்கும்போது அட்டைப்பெட்டியில் டிவிபி-டி2 என்ற குறியைப் பாருங்கள். பழைய பெட்டிக்குச் சிறிய டிகோடர் ஒன்று வாங்கி இணைக்க வேண்டும். கூரைமேல் பொருத்தமான ஏரியல் வேண்டும். அவ்வளவுதான் செலவு.

இதில் ஆர்டிஎம் அலைவரிசைகள் வருகின்றன. டிவி2இல் நம் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் உண்டு. டிவி3 வருகிறது. 2021 பிப்ரவரியில் தொடங்கிய டிடெக் டிவியில் பள்ளிப் பாடங்கள் வருகின்றன. மின்னல் பண்பலையைக்கூடத் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே கேட்கலாம். நம் வேலைக்கு வேண்டிய விளம்பரம் என்று நினைத்தாலும் பாதகமில்லை, சொல்லிவைக்கிறோம். குறை என்னவென்றால், இங்கே குன்று குறுக்கே நிற்கக் கூடாது. முன்பெல்லாம் அலை பலவீனமாக இருந்தால் பனி கொட்டுவதுபோல் புள்ளி புள்ளியாகவாவது ஒரு படம் தெரியும். ஏரியலைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வோம். இப்போது அப்படி இல்லை. வந்தால் கண்ணாடிபோல் வரும். இல்லாவிட்டால் சதுரம் சதுரமாக உடையும், அல்லது இருட்டுத்தான். ஆகவே டிகோடர் வாங்குவதற்கு முன், உங்கள் வரிசையில் ஏற்கெனவே வைத்திருப்பவர் வீட்டில் போய்ப் பாருங்கள்.

ஏரியலில் தமிழ் உண்டு. ஆனால் நாள் முழுவதும் இல்லை. இங்கே நம் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சிக்கனம் பேசுகிறவர்கள் சிலர், வயதானவர்களுக்கு எதற்குக் காசு கட்டிய தொலைக்காட்சி என்கிறார்கள். ஐம்பது ஆண்டு பால்மரம் வெட்டிய மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். மகனும் மருமகளும் வேலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கு. பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது இவருக்குப் புரியாது. பகலில் அந்த வீட்டில் கேட்கும் தமிழ்க்குரல் தொலைக்காட்சியிலிருந்து வருவதுதான். அதற்குக் கொடுக்கும் காசை வீண் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. எவ்வளவு, எந்த முறையில் கொடுப்பது என்பதுதான் பேச்சு.

இரண்டு ஆண்டு ஒப்பந்தம் இல்லாமலும் தட்டு வாங்கலாம். 2012இல் என்ஜோய் என்ற சேவை வந்தது. தட்டையும் பெட்டியையும் ஒரே முறை காசு கொடுத்து வாங்கிவிட்டால் அடிப்படை அலைவரிசைகள் சில கட்டணமின்றி வரும். கூடுதலாக வேண்டுமென்றால், கைப்பேசிக்குப் போடுவதுபோல, வேண்டிய நாள்களுக்கு மட்டும் முன்பணம் போட்டுப் பார்க்கலாம். கையில் காசு இல்லாத மாதத்தில் போடாமல் விடலாம், கடன் ஏறாது. எந்தெந்தத் தமிழ் அலைவரிசைகள் கட்டணமின்றி வருகின்றன, எவற்றுக்குக் காசு என்பது அவ்வப்போது மாறும். வாங்குகிற அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். நம் குடும்பங்கள் அடிபடுவது தட்டாலும் அல்ல, கம்பியாலும் அல்ல, தாளால்தான்.

தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை பல சமயம் முதல் சில மாதங்களுக்குத்தான். ஏழாவது மாதத்திலிருந்து எவ்வளவு? வரி சேர்த்தா, சேர்க்காமலா? இரண்டாவது அறையில் இன்னொரு பெட்டி வைத்தால் தனிக்கட்டணமா? பாதியில் நிறுத்தினால் எவ்வளவு தண்டம்? டிகோடர் நமக்குச் சொந்தமா, நிறுவனத்துக்கா? இந்த ஐந்துக்கும் பதில் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படிவம் நான்கில் படிக்கும் மகளைப் படிக்கச் சொல்லலாம். அலுவலகத்துக் கிராணியிடம் காட்டலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடு மாறுவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2013 முதல் தனியார் துறையில் ஓய்வு வயது 60. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் விடவேண்டும். நமக்குத் தெரிந்த ஒருவர் 59 வயதில் இரண்டு ஆண்டுத் தட்டு ஒப்பந்தம் போட்டார். ஓராண்டில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி ஒன்றில் நான்காவது மாடிக்குக் குடிபோனார். அங்கே சுவரில் தட்டு மாட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கிடைத்தது. ஆனால் வீடு கிழக்குப் பார்த்த வீடு. மேற்கிலும் தலைக்கு மேலும் கட்டடமே மறைத்துக்கொண்டு நின்றது. வந்த ஆள் அளந்து பார்த்துவிட்டு முடியாது என்று போய்விட்டார். படம் வரவில்லை, பில் மட்டும் பத்து மாதம் வந்தது. நிறுவனத்துக்கு உடனே எழுதியிருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்கும். அவரோ, படம்தான் வரவில்லையே, யார் கட்டுவது என்று பேசாமல் இருந்துவிட்டார். பிறகு மகன் மோட்டார் சைக்கிள் கடனுக்குப் போனபோது, உத்தரவாதத்துக்குக் கையெழுத்துப் போட வந்த அப்பாவின் பெயர் நிலுவைப் பட்டியலில் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். சில நூறு வெள்ளி விவகாரம், மகனின் வேலைக்கு வேண்டிய வண்டியை ஐந்து மாதம் தள்ளிப்போட்டது.

ஆகவே ஓராண்டு ஈராண்டில் வீடு மாறப்போகிறவர்கள் நீண்ட ஒப்பந்தம் போட வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. போட்டாகிவிட்டது என்றால், மாறுவதற்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்கி வையுங்கள்.

யார் பெயரில் எடுப்பது என்பதும் சிறிய விஷயமல்ல. "உங்க ஐ.சி.யைக் கொடுங்கண்ணே, காசு நான் மாசாமாசம் கொடுத்துடறேன்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்பார். நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் வேலையை விட்டு வேறு மாநிலத்துக்குப் போனால் பில் அவரைத் தேடிப் போகாது. உங்களைத்தான் தேடி வரும். ஒரே தட்டிலிருந்து கம்பி பிரித்து நான்கு வீட்டுக்குக் கொடுத்து, காசைப் பங்கு போடும் வழக்கமும் சில லயங்களில் உண்டு. ஒப்பந்தம் ஒரு வீட்டுக்குத்தான். நான்கு வீடும் பார்க்கும். மாட்டிக்கொள்வது பெயர் கொடுத்த வீடு.

மாதக் கட்டணமே இல்லாமல் எல்லா அலைவரிசையும் வரும் என்று சந்தையில் ஒரு கறுப்புப் பெட்டி விற்கிறார்கள். உரிமை இல்லாத ஒளிபரப்பைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவரும் பெட்டி அது. 2022இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, இப்படிப்பட்ட பெட்டிகளை விற்பவர்களுக்குக் கடும் தண்டனை வைத்திருக்கிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒருநாள் படம் நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது? சந்தைக்காரர் அடுத்த வாரம் வேறு ஊரில் கடை போட்டிருப்பார்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ரிமோட்டுக்கு இரகசிய எண் போட்டு வையுங்கள். ஒரு பொத்தானை அழுத்திப் புதுப்படம் வாங்கும் வசதி பல சேவைகளில் உண்டு. ஆறு வயதுப் பையன் அதே படத்தை மூன்று தடவை வாங்கிய வீட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

பில்லில் தவறு இருந்தால், பழுதைச் சரிசெய்ய ஆள் வராவிட்டால், முதலில் நிறுவனத்துக்குப் புகார் செய்யுங்கள். அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணையும் தேதியையும் நாள்காட்டியிலேயே எழுதி வையுங்கள். அதற்கும் வழி பிறக்காவிட்டால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும், 2001இல் அமைந்த தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் கருத்துக்களத்துக்கும் புகார் கொடுக்கலாம். அதற்குக் காசு கிடையாது. புகார் எண் இல்லாமல் போனால் பேச்சு நிற்காது; எண் இருந்தால் நிற்கும்.

கடை முன்னால் நிற்கும் அம்மையாரிடம் திரும்புவோம். "தாளைக் கொடுங்க தம்பி, மக படிச்சுப் பார்க்கட்டும்" என்றார். "சலுகை இன்னிக்கோட முடியுதுக்கா" என்றார் இளைஞர். அம்மையார் ஒரு நிமிடம் யோசித்தார். அடையாள அட்டை பைக்குள் போயிற்று. வண்ணத்தாளும் கூடவே போயிற்று.

அன்று இரவு அவர் வீட்டில் நாமும் தேநீர் குடித்தபடி உட்கார்ந்திருந்தோம். மகள் கைப்பேசியில் முகவரியைத் தட்டிப் பார்த்தாள். கம்பி அந்தத் தோட்டத்துக்கு இல்லை. தோட்டம் பள்ளத்தில் இருப்பதால், எதிர் வரிசை வீட்டு ஏரியலில் படம் பாதி நேரம் சதுரமாக உடைகிறது. வெட்டுக்காரரான கணவருக்கு அடுத்த ஆண்டு 60 வயது நிறைகிறது. தைப்பிங் பக்கத்தில் தரை வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்கள். மாமியார் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டு, எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் தட்டையும் பெட்டியையும் ஒரே தடவையில் காசு கொடுத்து வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. மாமியாருக்காக மாதாமாதம் தமிழ்த் தொகுப்புக்கு முன்பணம். முடியாத மாதம் இல்லை. மிஞ்சுகிற காசு மகளின் இணையத்துக்கு. "தைப்பிங்குக்குப் போறப்போ நாலு திருகாணியைக் கழட்டினா தட்டும் நம்மளோட வந்துடும்" என்றார் கணவர். புது வீட்டில் அதைத் திசை பார்த்துத் திருப்பி வைக்க ஆள் கூப்பிட வேண்டும் என்று நாம் நினைவுபடுத்தினோம். மாமியார் இடிப்பதை நிறுத்திவிட்டு, "அங்கேயும் என் நாடகம் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சம்பள நாளில் அந்தத் தோட்டத்துக் கடை முன்னால் அதே குடை, அதே மேசை. இன்றோடு முடியும் சலுகை அன்றைக்கும் இருந்ததாக அம்மையார் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.